ஓடினாற் போதுமா?

செய்நிரல் ஒன்றின் தராதரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினாவுக்கு இன்று நம்மிடையே மிகச் சுருக்கமான விடையொன்று வழங்கி வருகின்றது. "ஓடினாற் போதும்" என்பதே அவ்விடை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிக்கு மாடி நடைபெறும் கணினி வகுப்புகளில் மாணவர் கேட்கும் முதற்பாடம் இது; பட்டம் பெற்று வேலைக்குச் சென்றபின் அவர்கள் கேட்கும் இறுதிப் பாடமும் பெரும்பாலும் இதுவே. பொறி ஏற்றுக்கொண்டது, திரையில் விடை தோன்றியது, வாடிக்கையாளர் பணம் தந்தார். இதற்கு மேல் நன்மை தீமை பற்றிப் பேசுவது வீண் என்பது இக்கருத்தின் சாரம். இதனை மறுப்பதற்கே இக்கட்டுரை எழுந்தது. செய்நிரலொன்றின் தரம் அதிற் பிழை நேரும் நாளிலேதான் வெளிப்படுகின்றது. அந்நாளில் அப்பிழையைப் பிறரொருவர் கண்டு, மூலத்தை வாசித்து, திருத்த இயலுமாயின் அது நல்ல செய்நிரல். இயலாதாயின் அது எத்துணை விரைவாக ஓடினும் தீய செய்நிரலே.

கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன அலுவல் என்று விஞ்ஞானபீட நண்பர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயின் செய்நிரல் என்பது எழுத்து என்பதை அவர்கள் மறந்துவிடலாகாது. மனிதர் ஒருவர் ஒரு மொழியில் எழுத, வேறு மனிதர் வாசித்து, விளங்கி, மாற்றி எழுதும் பனுவல் அது. அமெரிக்கக் கணினியியலாளரான டொனால்ட் கனூத் 1984 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றிலே, செய்நிரலை இலக்கிய ஆக்கமாகக் கருத வேண்டும் எனவும், பொறிக்குக் கட்டளையிடுவதிலும் பார்க்க மனிதருக்கு விளக்குவதையே எழுதுவோர் முதன்மையாகக் கொள்ள வேண்டும் எனவும் வாதிட்டார். பனுவலை வாசிப்பதும், பாடங்களை ஒப்புநோக்குவதும், பிழை களைவதும் கலைப்பீடத்தின் தொழில்கள். எனவே இவ்விடயத்திற் பேசுவதற்கு நமக்கும் உரிமையுண்டு.

அண்மையில் உறவினர் ஒருவருக்குரிய பத்திரமொன்றைப் பெறுவதற்காக ஓர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். பத்திரத்தில் அவருடைய பெயரின் ஈற்றிலிருந்த மெய்யெழுத்துப் புள்ளியிழந்து நின்றது. பிழையைச் சுட்டியபோது கருமபீடத்திலிருந்த அலுவலர், "தம்பி, கொம்பியூட்டர் அப்படித்தான் எடுக்குது. நாங்கள் ஒண்டும் செய்ய ஏலாது" என்றார். அவர் தட்டச்சிட்டது சரியாகவே இருந்தது. திரையைத் திருப்பிக் காட்டினார். அச்சில் மட்டும் புள்ளியைக் காணவில்லை. செய்நிரல் ஓடியது, பத்திரமும் வந்தது. பெயர்தான் அவருடையதாக இல்லை. அந்த அலுவலர்மீது எனக்குக் கோபமில்லை. தன் கண்முன் தெரியும் பிழையைத் தானே திருத்த இயலாத நிலைக்கு அவரைக் கொணர்ந்து நிறுத்திய செய்நிரலே என் எதிராளி.

இத்தகைய பிழைகள் எவ்வாறு நேர்கின்றன என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். 1991 ஆம் ஆண்டில் யுனிகோட் நியமத்தில் தமிழுக்கு இடமளிக்கப்பட்டபோது, இந்திய மொழிகளுக்கென 1988 இல் வகுக்கப்பட்டிருந்த குறியீட்டு முறையே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. அம்முறையில் அகரமேறிய மெய் ஓர் அலகு. உயிர்க்குறி மற்றோர் அலகு. புள்ளியும் ஒரு தனி அலகு. ஆகவே "சுப்பிரமணியம்" என்னும் பெயர் நெடுங்கணக்குப் படித்த குழந்தைக்கு 8 எழுத்து. கணினிக்கு 13 அலகு. பரவலாக வழங்கும் யூ.ரீ.எவ்-8 முறையிற் சேமிக்கும்போது அலகொன்றுக்கு மூன்றாக 39 பைற்று. எழுத்தும் அலகும் பைற்றும் ஒன்றே எனக் கருதி எழுதப்பட்ட செய்நிரலொன்று 12 அலகுக்கு மேற்பட்டதை வெட்டுமாயின் எஞ்சுவது "சுப்பிரமணியம". பைற்றுக் கணக்கில் வெட்டுமாயின் எழுத்து நடுவே பிளந்து, வெறுங் கட்டமாகவோ வினாக்குறியாகவோ தோன்றக்கூடும். ஆங்கில எழுத்துக்கு இம்மூன்று கணக்கும் ஒன்றேயாகையால், ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதித்தவருக்கு இப்பிழை தெரியவராது.

நமது நகரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். "கொழும்பு" என்பதன் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே அலகாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, அரவு என இரண்டு அலகாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இரண்டையும் சமமெனக் கொள்ளுமாறே நியமமும் விதிக்கின்றது. அவ்விதியைப் பொருட்படுத்தாத செய்நிரலுக்கோ 8 அலகுள்ள கொழும்பு வேறு, 9 அலகுள்ள கொழும்பு வேறு. ஒன்றைத் தேடுபவருக்கு மற்றது கிடையாது. அகரவரிசையின் நிலையும் இவ்வாறானதே. குறியீட்டு அட்டவணையில் ல, ள, ழ, வ என எழுத்துகள் நிற்கின்றன; நமது நெடுங்கணக்கிலோ ல, வ, ழ, ள என்பதே முறை. அட்டவணை எண்ணையே வரிசையாகக் கொள்ளும் செய்நிரல் "பவளம்" என்பதற்கு முன்னே "பழம்" என்பதை வைக்கும். முறையான வரிசைக்குரிய விதிகளை யுனிகோட் அமைப்பினரே வெளியிட்டுள்ளனர். அவற்றை அழைத்துப் பயன்படுத்துவது சில வரி வேலை. அச்சில வரிகளை எழுதாது விடுவதற்கு இயலாமையைக் காரணங்கூற முடியாது.

இம்மனப்பான்மை புறத்தேயிருந்து நம்மீது சுமத்தப்பட்டது எனக் கூறி நாம் தப்பிவிடவும் முடியாது. காலி வீதியோரத் தட்டச்சுக் கடைகளில் நமது கல்யாண அழைப்பிதழ்களும் நினைவு மலர்களும் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலே அடிக்கப்பட்டு வந்தன. பாமினியில் "அம்மா" என்று திரையிலே தெரிவது, கணினியின் உள்ளே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமேயாம். தாளில் அச்சிடுவதற்கு அது போதுமானது. ஆயின் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் அம்மா மறைந்து, பொருளற்ற உரோமன் எழுத்துகளே எஞ்சும். அவ்வெழுத்துரு தன் காலத்தின் தேவையொன்றை நிறைவு செய்தது என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் கண்ணுக்குச் சரியாகத் தோன்றுவது உள்ளேயும் சரியாகவே இருக்கும் என்னும் மயக்கத்தை அது நம்மிடையே வளர்த்துவிட்டது. "ஓடினாற் போதும்" என்பது அம்மயக்கத்தின் மறுவடிவமே.

இவையெல்லாம் சிறுபான்மையினரின் மொழியொன்றுக்கு நேரும் சிற்றிடர்கள் என எதிர்த்தரப்பினர் கூறக்கூடும். அவ்வாறாயின் அவர்கள் பெரிதென மதிக்கும் பணத்தையே அளவுகோலாகக் கொள்வோம். அமெரிக்கப் பங்குச் சந்தையில் இயங்கிவந்த நைற் கப்பிற்றல் என்னும் நிறுவனத்தின் செய்நிரலில், 2003 ஆம் ஆண்டின் பின் பயன்படுத்தப்படாத பகுதியொன்று நீக்கப்படாமற் கிடந்தது. அப்பகுதியை இயக்குவதற்கென முன்னர் வைத்திருந்த அடையாளக் குறியையே 2012 இல் புதிய பணியொன்றுக்கும் பயன்படுத்தினர். எட்டுச் சேவையகங்களில் ஏழில் புதிய செய்நிரல் இடப்பட்டது. ஒன்றில் இட மறந்துவிட்டனர். ஓகஸ்ட் 1 ஆந் திகதி சந்தை திறந்ததும், அவ்வொன்றிலே செத்ததெனக் கருதப்பட்ட பகுதி உயிர்பெற்றுக் கொள்வனவு விற்பனைக் கட்டளைகளை அனுப்பிக்கொண்டேயிருந்தது. ஏறத்தாழ 45 நிமிடத்தில் 44 கோடி டொலருக்கு மேல் நட்டமாயிற்று. தனித்து நிற்கும் வலுவை இழந்த அந்நிறுவனம் அடுத்த ஆண்டிலேயே வேறொரு நிறுவனத்துடன் இணைய நேர்ந்தது. ஒன்பது ஆண்டுகளாக அச்செய்நிரல் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்பதை நமது நண்பர்கள் கவனிப்பார்களாக. எது உயிருள்ளது, எது செத்தது, எந்தக் குறி எதற்குரியது என்பதை ஒருவர் வாசித்தறியும் நிலையில் அது இருக்கவில்லை.

மறுபுறத்தே வேறொரு சாரார் உளர். இவர்களை உருவவாதிகள் எனலாம். ஈழத்து இலக்கிய உலகில் 1960 களில் உருவமா உள்ளடக்கமா என நடைபெற்ற விவாதங்களை அறிந்தோர் இவர்களை எளிதில் இனங்காண்பர். சார்பொன்று இத்தனை வரியைத் தாண்டலாகாது, வரிகள் இத்தனை இடம் உள்தள்ளி நிற்க வேண்டும், மாறிகளுக்கு இன்ன முறையிற் பெயரிட வேண்டும் என்பன இவர்களுடைய சூத்திரங்கள். இச்சூத்திரங்கள் பயனற்றவையென நான் கூறவில்லை. ஓரெழுத்தாற் பெயரிடப்பட்ட மாறிகளைவிடத் "தந்தையின் பெயர்", "பிறந்த திகதி" என்று பொருள் விளங்கப் பெயரிடப்பட்டவை பின்வருவோருக்குப் பேருதவி புரியும். ஆயின் பெயரை வெட்டும் அந்தச் சார்பை நினைத்துப் பாருங்கள். அது நான்கே வரியில், பொருத்தமான பெயருடன், உள்தள்ளல் பிசகாது எழுதப்பட்டிருக்கலாம். உருவவாதியின் சோதனைகள் அனைத்திலும் அது சித்தியடையும். சுப்பிரமணியத்தின் புள்ளியையும் அது தின்றுவிடும். தளை தட்டாத வெண்பாக்கள் எல்லாம் கவிதையாகிவிடுவதில்லை என்பதைத் தமிழ் மாணவர்க்கு விளக்க வேண்டியதில்லை. வாசிப்பவர் எளிதில் விளங்கிப் பிழை காண்பதற்கு உதவுமளவிலேயே உருவத்துக்கு மதிப்புண்டு. அதற்கு அப்பால் அது அலங்காரமே.

மூன்றாஞ் சாரார் இவ்விருவரிலும் ஆபத்தானவர்கள். கணினி பிழை விடாது என்பது இவர்களுடைய சித்தாந்தம். இச்சித்தாந்தம் எதில் முடியும் என்பதைப் பிரித்தானியாவிற் காணலாம். அங்குள்ள தபாலகங்களில் 1999 ஆம் ஆண்டு முதலாக ஹொறைசன் என்னும் கணக்குமுறை புகுத்தப்பட்டது. பியுஜிற்சு நிறுவனம் வழங்கிய அம்முறை, உபதபாலதிபர்களின் கணக்குகளில் இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டியது. கணக்கிலே பிழையுண்டு என அவர்கள் முறையிட்டனர். பொறி சரியென நிருவாகம் கூறியது. எதிர்ச்சான்று இல்லாதவிடத்துக் கணினி சரியாகவே இயங்கியதெனக் கொள்ளும் ஊகம் அந்நாட்டுச் சட்டத்திலும் இருந்தது. எதிர்ச்சான்றோ அவர்களுக்கு எட்டாத மூலநிரலிலும் பதிவேடுகளிலும் கிடந்தது. களவு, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்காக 900 க்கும் மேற்பட்டோர் தண்டனைத் தீர்ப்புப் பெற்றனர். சிலர் சிறை சென்றனர். பலர் வீடும் நற்பெயரும் இழந்தனர். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உளர். நிறுவனத்தார் தொலைவிலிருந்தே கணக்குகளில் மாற்றம் செய்யக்கூடியவராயிருந்தனர் என்னும் உண்மை நெடுங்காலம் மறுக்கப்பட்டது. 555 பேர் ஒன்றிணைந்து தொடுத்த வழக்கிலே 2019 டிசெம்பரில் உயர்நீதிமன்றம் செய்நிரலிற் பிழைகள் இருந்தன எனத் தீர்த்தது. 2024 இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியே அத்தீர்ப்புகளைத் துடைக்க வேண்டியதாயிற்று.

பிழையில்லாத செய்நிரல் உலகில் இல்லை. ஹொறைசனிற் பிழை இருந்தது என்பது அதன் தீமைக்குப் போதிய காரணமாகாது. பாதிக்கப்பட்டவர் அப்பிழையைக் காண வழியற்றிருந்ததும், காட்டியபோது கேட்பாரற்றிருந்ததுமே அதனைத் தீயதாக்கின. "கொம்பியூட்டர் அப்படித்தான் எடுக்குது" என்று கருமபீடத்திற் கேட்ட அதே வாக்கியம் அங்கே நீதிமன்றத்தில் ஒலித்தது எனலாம்.

இனி நல்லதற்கும் ஓர் உதாரணம் காட்டல் வேண்டும். அதற்காக நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26 இன் கடற்கோளையடுத்து, காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் என்பனவற்றைப் பதிவு செய்து ஒருங்கிணைப்பதற்கென இலங்கையின் கணினித்துறைத் தொண்டர்கள் கொழும்பிலே ஒரு செய்நிரற் தொகுதியை எழுதினர். நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல்லால் அதற்கு "சகன" எனப் பெயரிட்டனர். முதல் வடிவம் சில வாரங்களில் அவசரத்தில் உருவானது. குறைகளும் இருந்திருக்கும். ஆயின் அதன் மூலம் எவரும் வாசிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டது. லங்கா சொவ்ற்வெயார் பவுண்டேசனின் வாயிலாகச் சுவீடனின் உதவி பெற்று அது பிற நாடுகளுக்கும் ஏற்றவாறு பொதுமைப்படுத்தப்பட்டது. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயன்பாட்டுக்கென வழங்கும் விருதும் 2006 ஆம் ஆண்டுக்கு அதற்கே கிடைத்தது. 2010 இல் ஹெயிற்றி நிலநடுக்கத்தின்போது உதவியது, வேறொரு செய்நிரல் மொழியிலே புதிதாக எழுதப்பட்ட அதன் மறுபிறப்பு. முதலில் எழுதியவர்கள் அருகில் இல்லாதபோதும், அவர்கள் காணாத நாட்டில், அவர்கள் அறியாத மொழி பேசுவோருக்காக வேறொருவர் அதனை வாசித்து மாற்ற முடிந்தது. செய்நிரலொன்றின் நன்மைக்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

காலமில்லை, பணமில்லை, வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார் என்னும் சாக்குப்போக்குகளுக்கும் இவ்வுதாரணமே விடையாகும். கடற்கோளின் மறுவாரத்தைவிட அவசரமான வாரம் எது? அவசரத்தில் எழுதுவது குற்றமன்று. அவசரத்தில் எழுதியதை மூடி முத்திரையிட்டு, இனி எவரும் கேள்வி கேட்கலாகாது என்பதே குற்றம்.

திருத்தத்துக்கு இடம்வைத்து எழுதும் இப்பண்பு நமது மரபுக்குப் புதியதுமன்று. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்தும் ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். ஏடுகளின் நிலை, அவை கிடைத்த வரலாறு என்பனவற்றைப் பதிப்புரையில் எடுத்துரைத்தார். உ. வே. சாமிநாதையரின் பதிப்புகளிலோ பாடபேதங்கள் அடிக்குறிப்பாக இடம்பெற்றன. இன்று செய்நிரலாளர் எந்த வரியை எவர், எப்போது, எதற்காக மாற்றினார் எனக் காத்துவரும் மாற்றப் பதிவேடு இதன் உடன்பிறப்பே. பாடபேதத்தை மறைத்து, இதுவே மூலம் எனச் சாதிக்கும் பதிப்பாசிரியரை நாம் நம்புவதில்லை. மாற்றங்களை மறைக்கும் செய்நிரலை மட்டும் எதற்காக நம்ப வேண்டும்?

நமக்கு இவ்வாதம் வெறும் அறிவு விளையாட்டாக இருக்க முடியாது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின் மூலம் இந்நாட்டின் அரசியலமைப்பிலே தமிழும் ஓர் அரசகரும மொழியாயிற்று. எத்தனையோ போராட்டங்களின் பின் சட்டப் புத்தகத்தில் ஏறிய அவ்வுரிமையை, பெயரின் நீளத்தை எண்ணத் தெரியாத ஒரு வரிச் செய்நிரல் ஓசையின்றி வறிதாக்கிவிடக் கூடும். அரசின் எண்மிய அடையாளத் திட்டத்துக்கென இந்தியாவுடன் 2022 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தாகியது. இத்தகைய திட்டங்களிலே ஒருவருடைய பெயர் ஓரிடத்திற் பிழைத்தால், வங்கி, வைத்தியசாலை, பாடசாலை எனத் தொடர்புற்ற இடமெங்கும் அப்பிழை உடன் செல்லும். தந்தையின் பெயரை முன்வைத்துத் தன் பெயரைப் பின்வைக்கும் நமது வழக்கத்தை அறியாமல், ஈற்றுச் சொல்லே குடும்பப் பெயர் எனக் கொள்ளும் செய்நிரல், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவரை மூன்று குடும்பத்தவராக்கிவிடும்.

எனவே மக்களுடைய பெயரையும் கணக்கையும் கையாளும் செய்நிரல்களிடம் மூன்று நிபந்தனைகளை நாம் வற்புறுத்த வேண்டும். ஒன்று, தமிழ்ப் பெயர்களைக் கொண்டு தமிழறிந்தோரால் அவை சோதிக்கப்படல் வேண்டும். இரண்டு, பொதுப்பணத்தால் எழுதப்படும் செய்நிரலின் மூலம் பொதுமக்கள் சார்பில் வாசிக்கக் கூடியோருக்குத் திறந்திருத்தல் வேண்டும். மூன்று, பிழை கண்டவர் முறையிடுவதற்கும், முறைப்பாட்டை ஏற்றுத் திருத்துவதற்கும் பொறுப்பான மனிதர் ஒருவர் ஒவ்வொரு கருமபீடத்தின் பின்னாலும் இருத்தல் வேண்டும்.

முதலாவது நிபந்தனைக்கு நாமே இன்று தொடங்கலாம். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்றுக்கு இதனிலும் பொருத்தமான பணி எது? புள்ளியில் முடியும் பெயர்கள், ஒகர ஓகாரம் பயிலும் பெயர்கள், கிரந்த எழுத்துக் கலந்த பெயர்கள், நீண்ட பெயர்கள், முதலெழுத்துடன் கூடிய பெயர்கள், நெடுங்கணக்கு முறைப்படி வரிசையாக்கப்பட்ட சொற்கள் எனச் சில நூறு சோதனைத் தரவுகளைத் தொகுத்து, விரும்பும் செய்நிரலாளர் எவருக்கும் இலவசமாக வழங்குவோம். கலைப்பீடம் பட்டியலை ஆக்கட்டும். விஞ்ஞானபீட நண்பர்கள் அதனைச் செய்நிரலாக்கட்டும். மறுமுறை அந்தக் கருமபீடத்துக்குச் செல்லும்போது, ஒன்றும் செய்ய ஏலாது என்ற அந்த அலுவலரிடம், "ஏலும் ஐயா, இந்தப் பிழை இந்த இடத்தில் இருக்கிறது" என்று கூறக்கூடியவராக நாம் இருத்தல் வேண்டும்.